எடுவர்ட் பூக்னர்

எடுவர்ட் பூக்னர் (மே 20, 1860 – ஆகஸ்ட் 13, 1917) ஒரு ஜெர்மானிய வேதியியலாளர். உயிருள்ள ஈஸ்ட் செல்கள் இல்லாமலேயே சர்க்கரை ஆல்ககாலாக நொதிக்கும் என்பதை 1897 இல் மெய்ப்பித்தார். இதற்காக இவருக்கு 1907 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இளமை

மியூனிக் நகரில் பிறந்தார். 1872 இல் தந்தை இறந்தபின் இவரது கல்விக்குத் துணைநின்றவர் மூத்த தமையனார் ஹான்ஸ் பூக்னர். பொருள் முடையால் படிப்பு தடைப்பட்டபோது, உணவைத் தகரக் குப்பிகளில் அடைக்கும் தொழிற்சாலையில் பணிபுரிந்தார். பின்னர் அடோல்ஃப் வான் பேயரிடம் வேதியியல் பயின்று 1888 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

செல்களை உடைத்தல்

பாக்டீரியவியலாளரான ஹான்ஸ், பாக்டீரியாக்களின் உள்ளிருக்கும் புரதங்களை மருத்துவத்திற்குப் பயன்படுத்த விரும்பினார். அதற்குச் செல்சுவரை உடைக்க வேண்டும். வெப்பமும் கடுமையான வேதிப்பொருள்களும் புரதங்களையே சிதைத்துவிடும் என்பதால் அரைப்பதே தக்க வழியாக இருந்தது. எளிதில் மிகுதியாகக் கிடைக்கும் ஈஸ்ட்டை மணலுடன் அரைக்கும் சோதனையை எடுவர்ட் 1893 இல் தொடங்கினார். இதனால் பயனில்லை என ஆய்வகக் குழு கருதியதால் அம்முயற்சி மூன்றாண்டுகள் நின்றுபோனது.

1896 இல் ஹான்சின் உதவியாளர் மார்ட்டின் ஹான் கூறிய வழி சிக்கலைத் தீர்த்தது. மணல் செல்சுவரைக் கிழிக்கும். ஆனால் வெளிவரும் சாறு கூழிலேயே தங்கிவிடும். டயட்டம்களின் சிலிக்கா ஓடுகளாலான கீசல்கூர் என்னும் மண்ணைச் சேர்த்தால் அது சாற்றை உறிஞ்சிப் பிசைந்த மாவுபோல் ஆகும். ஒரு கிலோகிராம் ஈஸ்ட்டுக்கு அதே எடை மணலும் 250 கிராம் கீசல்கூரும் சேர்த்து அரைத்தனர். சிறிது நீர் சேர்த்துத் துணியில் சுற்றி, நீரழுத்தப் பொறியில் 400 முதல் 500 வளிமண்டல அழுத்தத்தில் பிழிந்தனர். சக்கையை மீண்டும் அரைத்துப் பிழிந்ததில் மொத்தம் ஏறத்தாழ 500 கன செ.மீ. சாறு கிடைத்தது. (ஆய்வகங்களில் உள்ள பூக்னர் புனல் இவருடையதன்று, அது எர்ன்ஸ்ட் பூக்னர் என்ற வேறொரு வேதியியலாளரின் பெயர் கொண்டது.)

சாறு விரைவில் கெட்டது. விலங்குகளுக்குச் செலுத்த வேண்டியிருந்ததால் நச்சுத்தன்மையுள்ள பாதுகாப்புப் பொருள்களைச் சேர்க்க இயலவில்லை. எனவே, பழங்களுக்குச் செய்வதுபோல், அடர்ந்த சர்க்கரைக் கரைசலைச் சேர்த்தனர். ஒரு மணி நேரத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் எழுந்தன. இது நொதித்தலே என்பதை எடுவர்ட் உணர்ந்தார். அதை நிகழ்த்தும் பொருளுக்குச் சைமேஸ் எனப் பெயரிட்டார்.

எதிர்ப்பு

நொதித்தல் உயிரோடு பிரிக்க முடியாதது என்ற லூயி பாஸ்டரின் கருத்து அப்போது வலுவாக இருந்தது. பாஸ்டரும் ஈஸ்ட்டிலிருந்து இத்தகைய பொருளைப் பிரிக்க முயன்று தோற்றவரே. வேறு வகை ஈஸ்ட்டைக் கொண்டு செய்த சிலருக்குச் சாறு நொதிக்கவில்லை. சாற்றில் உயிருள்ள துணுக்குகள் எஞ்சியிருக்கலாம் என வேறு சிலர் வாதிட்டனர். பூக்னர் பல ஆண்டுகள் சோதனைகளால் விடையளித்தார். சைமேஸ் ஒரே நொதியன்று, பல நொதிகளின் தொகுதி என்பது பின்னர் தெரியவந்தது. ஈஸ்ட்டைவிட மிகச் சிறியவையான பாக்டீரியாக்களை உடைக்கப் பிற்காலத்தில் கண்ணாடி மணி ஆலைகளும் மீயொலிக் கருவிகளும் உயரழுத்தப் பொறிகளும் வந்தன.

மறைவு

பெர்லின், பிரெஸ்லாவ், வூர்ட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் பேராசிரியராக இருந்தார். முதல் உலகப் போரில் தாமே முன்வந்து படையில் சேர்ந்து, மேஜராக உயர்ந்தார். 1916 இல் கற்பித்தல் பணிக்குத் திரும்பியவர், மறு ஆண்டு மீண்டும் களம் சென்றார். ருமேனியாவின் ஃபோக்சானியில் எறிகணைச் சிதறலால் காயமுற்று இறந்தார்.