ரிச்சர்டு கோல்ட்ஷ்மிட்

உயிர்நூற் புலமையால் உலகிற் பெயர் நாட்டியோர் பலர். அவருள், இருமுறை தாயகம் பிரிந்தும் ஊக்கங் குன்றாத ரிச்சர்டு கோல்ட்ஷ்மிட் என்பாரின் வரலாறு மாணவராகிய நாம் அறியத்தக்கதாம்.

இவர் 1878ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் யூதர் குடியிற் பிறந்தவர். உயிர்களிடத்து ஆண் பெண் என்னும் வேற்றுமை எங்ஙனம் அமைகின்றது என்பதே இவர் ஆராயப் புகுந்த பொருள். அதன்பொருட்டு ஜிப்சி விட்டில்களைத் திரட்ட 1914இல் ஜப்பான் சென்றார். அவ்வாண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டமையால் ஊர் திரும்ப வழியின்றி அமெரிக்காவில் தங்க நேர்ந்தது.

ஆங்கு யேல் பல்கலைக்கழகத்து விலங்கியற் கூடத்தில் இவருக்கு இடங்கிடைத்தது. தவளைக் கருவின் நரம்பு உடலுக்குப் புறத்தே வளர்தலை 1907இல் காட்டிய ஹாரிசன் என்பாரும் அங்கேயே இருந்தார். அம்முறையைக் கோல்ட்ஷ்மிட் பூச்சிக்குப் பொருத்தினார். செக்ரோப்பியா என்னும் பெருவிட்டிலின் விரையிலுள்ள நுண்பைகளை எடுத்து, அதன் கூட்டுப்புழுவின் குருதித் துளியிலே இட்டு, துளி தொங்குமாறு குழிந்த கண்ணாடியின்மேற் கவிழ்த்து வைத்தார். துளி உலர்தலாகாது, கிருமி புகுதலாகாது. பூச்சியின் குருதியோ காற்றுப் பட்டவுடன் கறுத்துக் கெடும் இயல்பினது. இத்துணை இடர்களுக்கிடையே அப்பைகள் உயிர்த்திருந்தன. அவற்றின் அணுக்கள் பிரிந்து விந்தணுவாகும் நெறியிற் செல்வதை நுண்ணோக்கியிற் கண்டு, 1915இல் வெளியிட்டார். பூச்சித் திசுவை உடலுக்கு வெளியே வாழவைத்த தொடக்க முயற்சிகளுள் இது தலையாயது.

ஆயினும், 1918இல் பகைநாட்டார் என்று இவரைச் சிறைமுகாமில் அடைத்தனர். 1919இல் தாயகம் மீண்டு, பெர்லின் நகரின் உயிர்நூற் கழகத்திற் பணியாற்றினார். நாஜி ஆட்சி வந்தபின் யூதர் என்னுங் காரணத்தால் அப்பதவியும் பறிபோயிற்று. 1936இல், தம் 58ஆம் அகவையில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிற் பேராசிரியராய்ப் புதுவாழ்வு தொடங்கி, 1958இல் அங்கேயே மறைந்தார்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. 1962இல் ஆஸ்திரேலியாவில் கிரேஸ் என்பார், விட்டிலின் சூற்பைத் திசுவினின்று இடையறாது பெருகும் அணுக்களைப் பெற்றார். இந்நாளில் சில தடுப்பூசிகள் பூச்சியணுக்களைக் கொண்டே செய்யப்படுகின்றன.

உடலினின்று பிரித்த உறுப்பும், தன் குருதியிற் சிறிது உடனிருப்பின் வாழும். நாட்டினின்று பிரிந்த இவ்வறிஞருக்கு உடனிருந்தது கல்வியொன்றே. அதனை எப்பகைவரும் பறித்திலர். நாமும் அத்தகு செல்வத்தையே தேடுவோமாக.