நோல் மாளிகையின் மகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கே அமைந்தது கென்ட் மாவட்டம். ஆப்பிள், செர்ரித் தோட்டங்களும் ஹாப் கொடித் தோட்டங்களும் நிறைந்த அந்நிலப் பகுதியில், செவனோக்ஸ் என்னும் ஊரை ஒட்டி, ஏறத்தாழ 1000 ஏக்கர் பரப்புள்ள மான் சோலையின் நடுவே நோல் மாளிகை நிற்கின்றது. ஓராண்டின் நாள்களுக்கு ஈடாக 365 அறைகள், வாரங்களுக்கு ஈடாக 52 படிக்கட்டுகள், ஒரு வாரத்தின் நாள்களுக்கு ஈடாக 7 முற்றங்கள் என்று அம்மாளிகையைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. எண்ணிப் பார்ப்போர்க்குக் கணக்குச் சற்று முன்பின்னாக வரலாம். ஆயினும், ஒரு வீடு காலத்தையே தன்னுள் அடக்கி நிற்கிறது என்னும் எண்ணத்தை அச்செய்தி நன்கு உணர்த்துகின்றது.

1456ஆம் ஆண்டில் கான்டர்பரித் தலைமைப் பேராயர் தாமஸ் பூர்ச்சியர் அவ்விடத்தை வாங்கிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னர் அதனைப் பேராயர் கிரான்மரிடமிருந்து தமதாக்கிக் கொண்டார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தாமஸ் சாக்வில்லின் முழு உரிமையாயிற்று. அவர் அரசின் கருவூலத் தலைவர், இளமையில் கவிஞர். 1561இல் அரங்கேறிய 'கார்போடக்' என்னும் நாடகத்தைத் தாமஸ் நார்ட்டனுடன் சேர்ந்து எழுதியவர். எதுகையற்ற செய்யுள் நடையில் ஆங்கிலத்தில் தோன்றிய முதல் துன்பியல் நாடகம் அதுவே என்பர். ஒரு கவிஞரால் அக்குடும்பத்திற்கு வந்து சேர்ந்த அம்மாளிகையில், மூன்று நூற்றாண்டுகள் சென்றபின் மற்றொரு கவிஞர் பிறந்தார். அவரே வீட்டா சாக்வில்-வெஸ்ட். வீட்டின்மேல் அவர் கொண்ட அன்பும், அவ்வீடு அவருக்கு இல்லை என்று ஆன துயரும், அத்துயரிலிருந்து அவர் எழுப்பிய மற்றொரு வீடும் தோட்டமுமே அவர்தம் வரலாறு.

தனித்து வளர்ந்த சிறுமி

விக்டோரியா மேரி என்பது அவருடைய முழுப்பெயர். 1892ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நோல் மாளிகையிலேயே பிறந்தார். பெற்றோர்க்கு அவர் ஒரே குழந்தை. தந்தை லயனல் சாக்வில்-வெஸ்ட். தாய் விக்டோரியா, தந்தைக்கு ஒன்றுவிட்ட உறவினர். முறையான திருமணத்தில் பிறந்தவர் அல்லர். தூதுவராக இருந்த பிரபு ஒருவர்க்கும் பெப்பிட்டா என்று புகழ்பெற்ற ஸ்பெயின் நாட்டு நாட்டியக்காரிக்கும் மகளாகப் பிறந்து, வாஷிங்டன் தூதரகத்தில் தந்தையின் இல்லத் தலைவியாக விளங்கிய பின்னர் நோலுக்கு வந்து, 1890இல் அம்மாளிகையின் வாரிசையே மணந்தவர்.

அப்பெரிய மாளிகையில் சிறுமி வீட்டாவிற்கு அறைகளே தோழமை. முன்னோர் ஓவியங்கள் வரிசையாகத் தொங்கும் நீண்ட நடைக்கூடங்கள், வெள்ளியாலான மேசையும் கண்ணாடியும் ஒளிரும் மன்னர் அறை, வெனிஸ் தூதர் தங்கியதாகச் சொல்லப்படும் பள்ளியறை ஆகியவற்றில் அவர் தனியே உலவினார். அரண்மனைகளில் கழிக்கப்பட்ட நாற்காலிகளையும் கட்டில்களையும் முன்னோர் ஒருவர் தம் பதவிக்குரிய சலுகையாகப் பெற்று வந்து சேர்த்திருந்தார். ஆதலின் ஸ்டூவர்ட் மன்னர் காலத்து அறைகலன்கள் வேறெங்கும் காணாத அளவில் அங்கே நிறைந்திருந்தன. இப்பின்னணியில் அச்சிறுமி எழுதத் தொடங்கியதில் வியப்பில்லை. பதினெட்டு வயதிற்குள் எட்டு நாவல்களையும் ஐந்து நாடகங்களையும் எழுதி முடித்திருந்தார். அவற்றுள் பல முன்னோரின் கதைகளே.

நீதிமன்றம் ஏறிய வீடு

1908இல் பாட்டனார் மறைந்ததும் வாரிசுரிமை வழக்கு எழுந்தது. வீட்டாவின் தாய்க்கு உடன்பிறந்த ஹென்றி என்பவர், தம் பெற்றோர் முறைப்படி மணந்தவர்களே என்றும், பட்டமும் மாளிகையும் தமக்கே உரியவை என்றும் வழக்குத் தொடுத்தார். அவர் கூற்று மெய்யானால் வீட்டாவின் தந்தை அனைத்தையும் இழக்க வேண்டும். எனவே, வீட்டாவின் தாய் தம் பிறப்பு திருமணத்திற்குப் புறம்பானது என்று ஊரறிய நிலைநாட்டப்படுவதையே நாடி நிற்க வேண்டியதாயிற்று. பெப்பிட்டா அதற்கு முன்பே வேறொரு நாட்டியக் கலைஞரின் மனைவி என்பது நிறுவப்பட, 1910இல் வழக்கு வீட்டாவின் தந்தைக்குச் சார்பாக முடிந்தது. குடும்பம் ஊர் திரும்பியபோது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஆள்களே அதனை இழுத்துச் சென்றனர்.

அக்கொண்டாட்டத்தின் நடுவே அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஓர் உண்மை தெரிந்தே இருந்தது. தாய் தம் பெயரை விலையாகக் கொடுத்துக் காத்த அவ்வீடு, தந்தையின் காலத்திற்குப் பின் தமக்கு வாராது. ஆண்வழியே செல்லும் உரிமை அது. மகனாகப் பிறந்திருந்தால் நோல் அவருடையது. மகளாகப் பிறந்ததனால் சிற்றப்பாவினுடையது. பிறப்பின் முறைமை தாயைத் தடுத்தது. பிறப்பின் பால் மகளைத் தடுத்தது.

1913ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், நோல் மாளிகையின் சிற்றாலயத்தில் ஹெரால்டு நிக்கல்சன் என்னும் தூதரக அலுவலரை வீட்டா மணந்தார். பெனடிக்ட், நைஜல் என ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். இல்லறம் வழக்கமான நெறியில் செல்லவில்லை. வயலட் டிரெஃபியூசிஸ் என்னும் பெண்மீது வீட்டா கொண்ட காதல் 1918 முதல் சில ஆண்டுகள் அக்குடும்பத்தை முறிவின் விளிம்புவரை கொண்டு சென்றது. ஆயினும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கைவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் பிரிந்திருந்த நாள்களில் எல்லாம் மடல் எழுதி அன்பைப் பேணினர்.

1922இல் 'நோலும் சாக்வில் குடும்பமும்' என்னும் பொருள்படும் நூலை வீட்டா வெளியிட்டார். சட்டம் தராத உரிமையை எழுத்தால் எடுத்துக்கொண்ட முதல் முயற்சி அது. 1926இல் வெளிவந்த 'நிலம்' என்னும் நெடுங்கவிதை கென்ட் உழவர்களின் ஓராண்டு வாழ்வைப் பருவம் பருவமாகப் பாடியது. மறு ஆண்டில் அதற்கு ஹாதார்ன்டன் பரிசு கிடைத்தது. புதுக்கவிதையின் அலை எழுந்து கொண்டிருந்த காலத்தில், பழைய யாப்பில் ஏரையும் களத்தையும் தேனீக்களையும் பாடிய துணிவு குறிப்பிடத்தக்கது.

இழப்பும் ஈடும்

1928ஆம் ஆண்டு ஜனவரியில் தந்தை மறைந்தார். பட்டமும் மாளிகையும் சிற்றப்பா சார்லஸ் வசம் சென்றன. பிறந்த வீட்டிற்கு விருந்தாளியாகச் செல்வதை வீட்டாவால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. நெடுங்காலம் அப்பக்கம் செல்வதையே பெரும்பாலும் தவிர்த்து வந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'ஓர்லாண்டோ' வெளிவந்தது. வீட்டாவை உயிர்த்தோழியாகக் கொண்டிருந்த வர்ஜீனியா, அவரையே தலைமை மாந்தராக்கி, அந்நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். நூற்றாண்டுகளைக் கடந்து வாழும் ஓர்லாண்டோ இடையில் ஆணிலிருந்து பெண்ணாக மாறுகின்றார். அம்மாற்றத்தால் எழும் வழக்குகள் எல்லாம் தீர்ந்து, இறுதியில் மாளிகை அவர் கையிலேயே நிற்கின்றது. சட்டம் பறித்த வீட்டை ஒரு தோழி கற்பனையில் மீட்டுத் தந்தார். கையெழுத்துப்படியையும் அவர் வீட்டாவிற்கே வழங்கினார். அப்படி பின்னாளில் நோல் மாளிகையையே சென்றடைந்தது. வீட்டா உரிமையோடு புக முடியாத வீட்டில் அவரைப் பற்றிய நூல் புகுந்தது.

கற்பனை வீடு மனத்திற்கு ஆறுதல். குடியிருக்க மண்ணில் ஒரு வீடு வேண்டுமன்றோ? 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் வீட்டா அதே கென்ட் மாவட்டத்தில் சிசிங்ஹர்ஸ்ட் என்னும் இடிபாட்டைக் கண்டார். எலிசபெத் அரசியார் ஒருமுறை தங்கிச் சென்ற பெருமாளிகை, ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சுக் கைதிகளின் சிறைக்கூடமாகிப் பாழ்பட்டது. பின்னர் ஏழைகளின் உழைப்பில்லமாயிற்று. எஞ்சியவை ஒரு கோபுரம், நீண்ட நுழைவுக் கட்டடம், இரு சிறு குடில்கள், குப்பை மண்டிய சில சுவர்கள். கண்ட கணமே வீட்டா அதனை விரும்பிவிட்டார். அங்கு வாழ்ந்த பேக்கர் குடும்பத்துப் பெண் சிசிலியைத்தான் நோலின் தாமஸ் சாக்வில் மணந்தார் என்பதும் தெரியவந்தது. 12,375 பவுண்டு கொடுத்துப் பண்ணையோடு வாங்கினார். ஒரு பெண்ணின் கால்வழியே முன்னோர் வீடு ஒன்று அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அங்கே அமைந்தது வழக்கமான வீடு அன்று. உறங்குவது ஒரு குடிலில், உண்பது மற்றொரு குடிலில், நூலகம் பழைய குதிரைக் கொட்டிலில், எழுதுவது கோபுரத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மழையானாலும் பனியானாலும் தோட்டத்தின் வழியேதான் நடக்க வேண்டும். விருந்தினர்க்கென அறை ஒன்றும் வைக்கவில்லை. கோபுரத்தின் எழுத்தறைக்குள் பெற்ற மக்களும் அரிதாகவே நுழைந்தனர். பெரிய வீட்டில் தனித்து வளர்ந்த சிறுமி தம் தனிமையை அங்கே வேண்டி அமைத்துக் கொண்டார் எனலாம்.

தோட்டத்தின் கோடுகளை ஹெரால்டு வகுத்தார். அவற்றுள் செடிகளை வீட்டா நிரப்பினார். நேரிய பாதைகளும், மதில்போல் வெட்டிய யூ மர வேலிகளும் கணவருடையவை; வேலி தாண்டி வழியும் ரோசாக் கொடிகள் மனைவியுடையவை. வெண்மலர்களையும் சாம்பல் இலைகளையுமே கொண்டு பின்னாளில் அமைத்த வெண்தோட்டம் உலகப் புகழ் பெற்றது. கூரையற்ற அறைகளைப் போல் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திறக்கும் அத்தோட்டப் பகுதிகளில் நடப்போர், நோலின் முற்றங்களை நினையாதிருத்தல் அரிது.

ஒரு ஷில்லிங் விருந்தினர்

1938ஆம் ஆண்டு மே மாதம் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். வருவோரை அந்நாணயத்தின் பெயராலேயே வீட்டா அன்போடு குறித்து வந்தார். மண் படிந்த காலணியோடு களை பறித்துக் கொண்டிருக்கையிலேயே அவர்களோடு செடிகளைப் பற்றி உரையாடினார். பெருங்குடிச் செருக்கு அவரிடம் இல்லாமல் இல்லை. மக்களாட்சியின் சமநிலையை அவர் மனமார ஏற்றதும் இல்லை. ஆயினும் செடியை நேசித்து வந்தவரிடம் அவர் குலம் பார்க்கவில்லை.

1941இல், போரின் நடுவே, 'ஆங்கில நாட்டுப்புற மாளிகைகள்' பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மாளிகை என்பது நிலத்தோடு இயைந்து வளர வேண்டும் என்னும் கருத்தே அதன் உயிர்நாடி. அவ்வாண்டு மார்ச்சில் வர்ஜீனியா மறைந்தார். 1944 பிப்ரவரியில் குண்டு ஒன்று நோலின் அருகே விழுந்து சன்னல்களை நொறுக்கியபோது, தம் உடம்பில் பட்டதுபோல் வீட்டா துடித்தார்.

1894இல் வந்த இறப்பு வரியும், பெருகிய பராமரிப்புச் செலவும் பெருங்குடும்பங்களின் மாளிகைகளை ஒவ்வொன்றாக அசைத்து வந்தன. போர் முடிந்தபின், 1946இல் நோல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. பார்வையாளர்க்கான அதன் வழிகாட்டி நூலை எழுதியவர் வீட்டாவே. உரிமையாளராக இருந்து காட்ட இயலாத அறைகளை, முன்பின் அறியாதவர்க்கு எழுத்தால் காட்டினார்.

அதே ஆண்டு 'தோட்டம்' என்னும் அவர்தம் நெடுங்கவிதை வெளிவந்து ஹைன்மன் பரிசு பெற்றது. தொகையை அகழிக்கரையில் அசேலியாச் செடிகள் நடச் செலவிட்டார். ஆனால் அவ்வாண்டிலேயே, அரசியார் முன்னிலையில் நடக்கவிருந்த கவிதை வாசிப்புக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அப்புறக்கணிப்பு அவரை ஆழமாகப் புண்படுத்தியது. அதன்பின் அவர் கவிதை ஊற்று ஏறத்தாழ வற்றிப்போனது. வார இதழில் பல ஆண்டுகள் எழுதிய தோட்டக்கலைக் கட்டுரைகள் அவரை வீடுதோறும் அறிமுகப்படுத்தின. கவிஞராக அறியப்பட விழைந்தவரைத் தோட்டக்காரராகவே உலகம் போற்றியது. பாராட்டு குறையவில்லை, வேண்டிய பாராட்டு வரவில்லை.

1954இல் மகன் நைஜல், சிசிங்ஹர்ஸ்டையும் அறக்கட்டளையிடம் தரலாமே என்று கேட்டபோது வீட்டா கடுமையாக மறுத்தார். ஒருமுறை வீட்டை இழந்தவர்க்கு மறுமுறை இழப்பது கனவிலும் ஒவ்வாதது. 1962ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், தாம் எழுப்பிய வீட்டிலேயே காலமானார். எழுதும் மேசைமீது மைக்கூடுகள் வைத்திருந்த சிறு சலவைக்கல் பேழையில் அவர் சாம்பல் இடப்பட்டு, விதிஹாம் ஆலயத்தில் சாக்வில் முன்னோரின் நிலவறையில் சேர்க்கப்பட்டது. கோபுர அறையில் பூட்டிக் கிடந்த பையைத் திறந்து பார்த்த மகன், வீட்டா 1920இல் எழுதி மறைத்த தன்வரலாற்றைக் கண்டெடுத்து 1973இல் வெளியிட்டார்.

1967இல் சிசிங்ஹர்ஸ்டும் அறக்கட்டளைக்கு உரியதாயிற்று. வரிச்சுமைக்கு முன் மகனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று கென்ட் மாவட்டத்திற்குச் சுற்றுலா செல்வோர் ஒரே நாளில் இரு வீடுகளையும் கண்டு வரலாம். மகள் என்பதனால் ஒருத்திக்கு மூடிய நோலின் கதவு, நுழைவுச்சீட்டு வாங்கும் எந்த மகளுக்கும் திறக்கின்றது. சிசிங்ஹர்ஸ்ட் கோபுரத்தில் ஏறுவோர் இடைவழியில் ஓர் அறை வாயிலில் நின்று உள்ளே பார்க்கின்றனர். புத்தக அடுக்குகள், எழுதும் மேசை, அதன்மேல் ஹெரால்டின் படம், வர்ஜீனியாவின் படம். மரணத்திலும் அவர் முன்னோரோடு சேர்ந்தது மைக்கூட்டுப் பேழையின் வழியாகவே என்பதை அறிந்தவர்கள், அம்மேசையைச் சற்று நேரம் கூடுதலாகவே பார்த்துவிட்டுப் படியேறுகின்றனர்.