குண்டு மழைக்குள் பாய்ந்த ஆம்புலன்ஸ்: யார் இந்த டாக்டர் லாரே?

பிரான்சில் இன்று 15 என்ற எண்ணுக்கு போன் போட்டால், உயிருக்கு ஆபத்தான கேஸ் என்று தெரிந்ததும் டாக்டரே வண்டியில் ஏறி வருகிறார். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல் டாக்டர் தேடிப் போகும் இந்த யோசனைக்கு வயசு 200-க்கும் மேல். அதைப் போர்க்களத்தில் செய்துகாட்டியவர் நெப்போலியன் படையின் சர்ஜன், தொமினிக் ழான் லாரே.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியோடு நிறுத்திவிடுவார்கள். அந்த வேலை அவரை என்ன பாடுபடுத்தியது என்பதுதான் பெரிய கதை.

5 கிலோமீட்டர் தள்ளி நின்ற வண்டிகள்

1766-ல் பிரெனீஸ் மலைப்பகுதி கிராமம் ஒன்றில் பிறந்தவர் லாரே. சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். துலூஸ் நகரில் சர்ஜனாக இருந்த அப்பாவின் சகோதரர்தான் வளர்த்து, தொழிலையும் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச காலம் கப்பலில் டாக்டர் வேலை. கடல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பிவிட்டார்.

1792-ல் ரைன் படையில் சேர்ந்தபோதுதான் அந்தக் கொடுமையைப் பார்த்தார். காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டிகள் களத்திலிருந்து கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகுதான் வருவார்கள். ஒரு நாள் முழுக்க ரத்தம் வழியக் கிடந்தவனிடம் வந்து என்ன பயன்?

குதிரைகள் இழுத்துக்கொண்டு பறக்கும் பீரங்கிகளைப் பார்த்ததும் அவருக்கு ஐடியா வந்தது. பீரங்கி இவ்வளவு வேகமாகப் போக முடியும் என்றால் டாக்டர் ஏன் போக முடியாது? 2 குதிரை பூட்டிய லேசான வண்டி, கரடுமுரடான பாதைக்கு 4 குதிரை வண்டி, கூடவே சர்ஜன்கள், கட்டுத்துணி, கருவிகள். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர் வைத்தார். எகிப்தில் குதிரை வண்டி சரிப்படாது என்றதும் ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் கூடை கட்டி ஆட்களை ஏற்றினார்.

யாருக்கு முதலில் சிகிச்சை? பதவி பார்க்காதே, எந்த நாட்டுக்காரன் என்றும் பார்க்காதே, காயத்தைப் பார் என்றார். இன்று எமர்ஜென்சி வார்டில் 'ட்ரையாஜ்' என்று சொல்கிறார்களே, அதன் ஆரம்பங்களில் ஒன்று இதுதான்.

7 நிமிடத்துக்கு ஓர் அறுவை சிகிச்சை

1812, ரஷ்யாவின் போரோதினோ. 24 மணி நேரத்தில் சுமார் 200 பேருக்குக் கை, கால்களை அகற்றினார் லாரே. சராசரியாக 7 நிமிடத்துக்கு ஒன்று. மயக்க மருந்து இன்னும் வராத காலம். வேகம்தான் நோயாளிக்கு அவர் காட்டக்கூடிய ஒரே இரக்கம்.

சாப்பாடும் அவர் பொறுப்புதான். 1809-ல் டான்யூப் ஆற்றின் லோபாவ் தீவில் காயம்பட்டவர்களோடு மாட்டிக்கொண்டார். அதிகாரிகளின் குதிரைகளை வெட்டி, குதிரைப்படை வீரர்களின் மார்புக் கவசத்தையே சட்டியாக்கி சூப் வைத்தார். உப்புக்குப் பதில் வெடிமருந்து! குதிரையைப் பறிகொடுத்தவர்கள் புகார் சொல்ல, நெப்போலியன் லாரே பக்கம் நின்றார்.

ஆனா இப்படி உழைத்த சர்ஜன்களுக்கு மரியாதை இருந்ததா என்றால், இல்லை. மருந்தும் வண்டியும் நிர்வாக அதிகாரிகள் கையில். போர் முடிந்தால் இளம் சர்ஜன்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிரந்தர வேலை கொடுங்கள் என்று லாரேயும், மூத்த சர்ஜன் பெர்சியும் பல வருஷம் போராடினார்கள். கட்டளையிடும் அதிகாரமும் டாக்டர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை.

வீட்டில் இருந்த நாட்கள் குறைவு

1794-ல் ஓவியர் சார்லொட்டைக் கல்யாணம் செய்தார். நாலே வருஷத்தில் எகிப்து. 3 வருஷத்துக்கு மேல் அங்கேயே. 1808-ல் மகன் இப்போலீத் பிறந்தபோது லாரே ஸ்பெயினில். குடும்பம் பெரும்பாலும் கடிதத்தில்தான் நடந்தது.

ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும்போது பெரசினா ஆற்றுப் பாலத்தில் உயிருக்கு அடித்துக்கொண்ட கூட்டம். அக்கரை போய்ச் சேர்ந்தவர், விட்டுப்போன கருவிகளை எடுக்கத் திரும்பி வந்து சிக்கிக்கொண்டார். அடையாளம் தெரிந்ததும் சிப்பாய்கள் அவரைத் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள். அதன்பிறகு டைபஸ் காய்ச்சல் வேறு.

அடுத்த வருஷம் இன்னொரு சோதனை. கையில் காயம்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட இளம் சிப்பாய்கள், சண்டைக்குப் பயந்து தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டதாகப் புகார். மேலிடமும் அதை நம்பத் தயார். லாரே ஒவ்வொருவராகப் பரிசோதித்து, குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று பேரரசரிடமே அறிக்கை கொடுத்தார். என்னைக் கேட்டால், வண்டியைவிட இதுதான் அவருடைய பெரிய சாதனை.

வாட்டர்லூவில் காயத்தோடு பிரஷ்யப் படையிடம் சிக்கினார். சுட்டுக்கொல்ல உத்தரவு. அங்கிருந்த சர்ஜன் ஒருவர் முன்பு லாரேயின் வகுப்பில் உட்கார்ந்தவர்! அவர் அடையாளம் காட்ட, விஷயம் தளபதி ப்ளூஷரிடம் போனது. ப்ளூஷரின் மகனை ஒருமுறை காப்பாற்றியதும் லாரேதான். உயிர் தப்பியது.

நெப்போலியன் வீழ்ந்ததும் லாரேயின் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. சில வருஷம் கழித்துதான் திரும்பக் கிடைத்தது. நெப்போலியன் தன் உயிலில் அவருக்கு 1 லட்சம் பிராங்க் எழுதிவைத்திருந்தார்.

70 வயசு தாண்டியும் ஓயவில்லை. 1842-ல் ராணுவ ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட மகனோடு அல்ஜீரியா போனார். திரும்பும் வழியில் உடம்பு முடியாமல் ஜூலை 25-ம் தேதி லியோன் நகரில் இறந்தார். சார்லொட் இறந்து அப்போது 3 நாள்தான் ஆகியிருந்தது.

முன்னாள் வீரர்கள் வாழ்ந்த பாரிஸ் இன்வாலிட்ஸ் வளாகத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அனுமதி கிடைக்கவில்லை. பேர் லாஷேஸ் கல்லறையில் புதைத்தார்கள். 1992-ல்தான் அவரது எலும்புகளை இன்வாலிட்ஸுக்குக் கொண்டுபோனார்கள்.