ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு

இங்கிலாந்தில் 1873-இல் உழவர் குடும்பத்திற் பிறந்த ஹோவர்டு, 1905-இல் பூசா ஆராய்ச்சிச் சாலைக்குத் தாவரநூற் புலவராய் வந்தார். நம் குடியானவருக்குக் கற்பிக்க வந்தவர், அவரையே தம் ஆசிரியராகக் கொண்டார். 1924 முதல் இந்தூரில் சருகு, சாணம், கோமூத்திரம் தோய்ந்த மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரமும் காற்றும் அளவறிந்து ஊட்டிக் கிளறினார். முதலிற் பூஞ்சணங்களும் பின்னர் பாக்டீரியாக்களும் தத்தம் பணியாற்ற, மூன்று திங்களிற் குப்பை எருவாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத அவ்வுயிர்க்கூட்டத்திற்கு உறைவிடம் அமைத்ததே அவர் திறன்.

உடனுழைத்த மனைவியார் காப்ரியேல் 1930-இல் மறைந்தார். மறுவருஷம் தாயகம் திரும்பிய ஹோவர்டு, செயற்கை உரமே போதுமென்ற அறிஞரோடு இறுதிவரை வாதாடி, 1947-இல் காலமானார். மண்ணிற் கொண்டதை மண்ணுக்கே திருப்புக என்னும் அவர் கொள்கை தாமிரபரணி பாயும் தச்சநல்லூர் வயல்களுக்கும் பொருந்தும். அறுத்த தாளைக் கொளுத்துவோர் தம் நிலத்தின் உணவையே கொளுத்துகின்றனர்.