ஜான் வெஸ்லியும் மரண பயமும்

இராயப்பேட்டை வழியாகப் போகிறவர்கள் வெஸ்லி பள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1703-ல் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் சபை அவர் தொடங்கிய இயக்கத்திலிருந்து வளர்ந்தது. அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது வீடு தீப்பற்றிக்கொண்டது. ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி நின்று, மாடி ஜன்னல் வழியாகக் குழந்தையை வெளியே தூக்கினார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு குழுவாக இருந்தார்கள். நேரம் தவறாத ஜெபம், உபவாசம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அதைக் கேலி செய்து மற்ற மாணவர்கள் வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். தன் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெஸ்லி கணக்கு எழுதி வைத்தார். வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். ஆனால் ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தும் அவர் மனதில் ஏதோ ஒரு நிலுவை தீராமலே இருந்தது.

அது வெளியே தெரிந்த இடம் அட்லாண்டிக் கடல். அமெரிக்காவில் ஜார்ஜியா என்ற புதிய குடியேற்றத்தில் ஊழியம் செய்ய, 1735 அக்டோபரில் சிம்மண்ட்ஸ் என்ற கப்பலில் புறப்பட்டார். அதே கப்பலில் மொரேவியர் என்ற ஜெர்மன் கிறிஸ்தவர்கள் 26 பேரும் இருந்தார்கள். 1736 ஜனவரி 25 அன்று பெரும் புயல். மொரேவியர்கள் வழிபாட்டில் பாடிக்கொண்டிருந்தபோது அலை கப்பலையே மூடியது. பெரிய பாய் கிழிந்தது, தண்ணீர் தளங்களுக்குள் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். ஜெர்மானியர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் போய், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. பெண்களும் குழந்தைகளுமா பயப்படவில்லை என்று மறுபடி கேட்டார். அவர்களும் சாவதற்கு அஞ்சுவதில்லை என்றார் அந்த மனிதர்.

ஊருக்கெல்லாம் போதிக்கப் புறப்பட்டவர், தனக்குச் சாகப் பயமாக இருக்கிறது என்பதைத் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். நம்மில் எத்தனை பேர் அப்படி எழுதுவோம்?

ஜார்ஜியாவில் எதுவும் சரியாக நடக்கவில்லை. விரும்பிய பெண் வேறொருவரை மணந்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்ததில் வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் ஊர் திரும்பப் புறப்பட்டார்.

லண்டனில் பீட்டர் போலர் என்ற மொரேவியர் அவருடன் பொறுமையாகப் பேசினார். 1738 மே 24 மாலை, ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு வெஸ்லி விருப்பமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார். மணி எட்டே முக்கால் இருக்கும். தன் முயற்சியை அல்ல, கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன் என்ற உறுதியும், நெஞ்சில் ஓர் இளஞ்சூடும் அப்போது தனக்கு உண்டானதாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

பலர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அன்றிரவே சோதனைகள் திரும்பி வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். 1739 ஜனவரியில்கூட, தான் இன்னும் கிறிஸ்தவன் ஆகவில்லை என்றே எழுதினார். என் கணக்கில் இந்த ஏழெட்டு மாதம்தான் அவர் வாழ்க்கையில் முக்கியமானது. உறுதி நிறையும் வரை அவர் காத்திருக்கவில்லை. சந்தேகத்தோடே போதித்தார், ஏழைகளைப் பார்க்கப் போனார்.

அந்த ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலில் முதல் முறையாகத் திறந்த வெளியில் நின்று பேசினார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கம் செய்வதை அதுவரை ஏறக்குறைய பாவமாகவே நினைத்திருந்தவர் அவர். 1743 அக்டோபரில் வென்ஸ்பரி என்ற ஊரில் ஒரு கும்பல் அவரை இழுத்துக்கொண்டு போனது. வாயில் அடி விழுந்து இரத்தம் வழிந்தது. அவர் பதறாமல் பேசிக்கொண்டே இருக்க, கும்பலுக்குத் தலைவனாக இருந்த குத்துச்சண்டைக்காரனே மனம் மாறி அவரைக் காப்பாற்றிக் கொண்டுபோய் விட்டான்.

அதன் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலும் குதிரை மேல், ஊர் ஊராகப் போனார். 1791 மார்ச் 2 அன்று லண்டனில் இறந்தார். வயது 87. அதற்கு முந்தைய நாள், பேசவே பலமில்லாமல் படுத்திருந்தவர், ஐசக் வாட்ஸ் எழுதிய ஒரு துதிப் பாட்டைத் திடீரென்று பாடத் தொடங்கினார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் வியந்துபோனார்கள்.