பறிபோகும் பார்வையைத் தடுத்து நிறுத்திய பெர்லின் டாக்டர்: யார் இந்த கிரேஃபே?

திடீரென்று ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி. கண் சிவந்துபோகிறது. தலை பிளக்கிறது, வாந்தி வருகிறது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது. நிறைய பேர் இதை மைக்ரேன் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். ஆனா இது தீவிர கிளாக்கோமாவாகவும் இருக்கலாம். அப்படி இருந்து, சிகிச்சை தள்ளிப்போனால் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

இன்று இதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது, லேசர் இருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் எதுவுமே கிடையாது. அட்டையை வைத்து ரத்தத்தை உறிஞ்ச வைப்பார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள். பலன் இருக்காது. கிளாக்கோமா என்று டாக்டர் சொல்லிவிட்டாலே பார்வை போகப்போகிறது என்றுதான் அர்த்தம்.

இந்த நிலைமையை 1857-ல் மாற்றியவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே. அப்போது அவருக்கு வயது 29. இறக்கும்போது 42. நடுவில் கிடைத்த அந்தப் பதின்மூன்று வருடத்தில் பாதிக்கும் மேல் நோயாளியாக இருந்தபடியே வேலை பார்த்தார்.

அப்பாவும் பெரிய டாக்டர்தான்

கிரேஃபே பிறந்தது 1828 மே 22, பெர்லினில். அப்பா கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே பிரஷ்யாவின் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். மூக்கு இழந்தவர்களுக்குப் புது மூக்கு அமைக்கும் சிகிச்சை பற்றி 1818-ல் புத்தகம் எழுதியவர். நெற்றித் தோலை இறக்கி மூக்காக்கும் நம் நாட்டு முறையும் அதில் விளக்கப்பட்டிருக்கிறது. 1840-ல் ஹனோவர் இளவரசரின் கண்ணில் அறுவை சிகிச்சை செய்யப் போன இடத்தில் அவர் திடீரென்று இறந்துவிட்டார். மகனுக்கு அப்போது 12 வயது.

மகன் 15 வயதிலேயே பல்கலைக்கழகம் போய், 1847-ல், அதாவது 19 வயதில், மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். அடுத்து பிராக் நகரம். அங்கே ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட் என்ற கண் மருத்துவரிடம் சேர்ந்தபோதுதான் கண்தான் தன் துறை என்று முடிவானது. பிறகு பாரிஸ், வியன்னா, லண்டன் என ஒரு சுற்று. லண்டனில் நெதர்லாந்தைச் சேர்ந்த டோன்டர்ஸ் நண்பரானார். கண்ணாடிப் பவர் கணக்கிடும் முறைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர் இந்த டோன்டர்ஸ்.

பெர்லின் திரும்பியதும் கிரேஃபே தனியாக ஒரு கண் கிளினிக் தொடங்கினார். ஏழைகளுக்கு இலவசம். வசதியானவர்கள் கட்டணம் கொடுத்தார்கள். கூட்டம் குவிந்தது. ஆராய்ச்சிக்கும் அதுதான் பெரிய மூலதனம் ஆனது. ஒரே நோயை நூற்றுக்கணக்கான கண்களில் பார்க்கிறவருக்குத்தானே எது வழக்கம், எது விதிவிலக்கு என்று புரியும்?

மேடா, பள்ளமா?

கிரேஃபேயின் நேரம், அவர் தொழிலுக்கு வரும்போதே ஒரு புதுக் கருவி கிடைத்தது. கோனிக்ஸ்பெர்க்கில் பேராசிரியராக இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், வகுப்பில் பாடம் நடத்தும் தேவைக்காக யோசித்து, 1851-ல் ஆப்தல்மாஸ்கோப் பற்றி வெளியிட்டார். விளக்கு வெளிச்சத்தைக் கண்ணாடித் தகடு வழியாகக் கண்பாவைக்குள் அனுப்பி, உள்ளே விழித்திரையையும் பார்வை நரம்பின் முனையையும் நேரடியாகப் பார்க்கலாம். அதுவரை உயிரோடு இருப்பவரின் கண்ணுக்குள் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. கருவியைக் கண்டுபிடித்தது ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்றால், அதை நோயாளிகளிடம் தினசரி பயன்படுத்திக் காட்டியது கிரேஃபேயின் கிளினிக்.

கிளாக்கோமா நோயாளிகளின் கண்ணுக்குள் பார்த்த கிரேஃபே, 1854-ல் ஒரு விஷயத்தை எழுதினார்: பார்வை நரம்பின் முனை வீங்கி மேடாக இருக்கிறது. இது தப்பு. உண்மையில் அது குழிந்து பள்ளமாக இருந்தது.

இவ்வளவு பெரிய ஆளுக்கு மேடும் பள்ளமும் தெரியாதா என்று கேட்கலாம். அந்தக் கருவியில் ஒரு கண்ணால்தான் பார்க்க முடியும், ஆழம் பிடிபடாது. நிலவின் குழிகளைப் படத்தில் பார்க்கும்போது சில நேரம் குமிழ் மாதிரி தெரியுமே, அதே குழப்பம்தான். வியன்னாவின் எட்வார்ட் யேகருக்கும் அதே காலத்தில் அதே தவறு நேர்ந்தது. கிரேஃபேயிடம் பயின்ற அடால்ஃப் வெபர்தான் அது பள்ளம் என்று காட்டினார். ஆசிரியர் அதை ஏற்று, அடுத்த வருடமே தன் பத்திரிகையில் திருத்தி எழுதினார். இறந்தவர்களின் கண்ணை நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஹைன்ரிஷ் முல்லர் 1856-ல் அதை உறுதி செய்தார்.

இந்தத் திருத்தம் ஏன் முக்கியம்? மேடு என்றால் வீக்கம், அதாவது அழற்சி. பள்ளம் என்றால் உள்ளிருந்து ஏதோ ஒன்று நரம்பைப் பின்பக்கமாக அழுத்துகிறது. கிளாக்கோமா கண் கல் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று ஸ்காட்லாந்தின் வில்லியம் மெக்கன்சி 1830-லேயே எழுதியிருந்தார். இப்போது இரண்டும் பொருந்திப் போயின. நோயின் மையம் அழுத்தம். அப்படியானால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆனா எப்படி?

ஒரு சின்ன வெட்டு

முதலில் கண்பாவையை விரிக்கும் மருந்துகளை முயன்றார். சரிவரவில்லை. (இந்த வகை கிளாக்கோமாவில் பாவையை விரிப்பது ஆபத்து என்று இன்று தெரியும்.) அடுத்து, கண்ணின் முன்பகுதியில் சின்னதாகக் குத்தி நீரை வெளியேற்றினார். வலி குறைந்தது, பார்வை கொஞ்சம் தெளிந்தது. ஆனா நிலைக்கவில்லை, அழுத்தம் மறுபடி ஏறியது.

அப்போதுதான் வேறு நோய்களுக்குச் செய்துவந்த ஓர் அறுவை சிகிச்சை ஞாபகத்துக்கு வருகிறது. பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது, அதாவது இரிடெக்டமி. அதைச் செய்த கண்கள் பிறகு மென்மையாகிவிடுவதை அவர் கவனித்திருந்தார். 1856-ல் தீவிர கிளாக்கோமா நோயாளிகளுக்கு அதைச் செய்துபார்த்தார். வலி நின்றது. பார்வை திரும்பியது. முக்கியமாக, திரும்பிய பார்வை நிலைத்தது.

உடனே ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, பலன் நீடிக்கிறது என்று உறுதியான பிறகுதான் 1857-ல் எழுதினார், பிரஸ்ஸல்ஸில் நடந்த சர்வதேச கண் மருத்துவ மாநாட்டிலும் விளக்கினார். எனக்கு இந்த மனிதரிடம் அதிகம் பிடித்தது, பலிக்காத இடத்தையும் அவர் மறைக்காததுதான். வலியே இல்லாமல் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும் கிளாக்கோமாவில் இதே சிகிச்சை அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்தார். இரண்டும் வேறு வேறு நோய் வகைகள் என்ற இன்றைய புரிதலுக்கு அந்தக் கவனிப்பு உதவியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிகிச்சை சரி, காரணம் அவருக்கே தெரியாது. கண்ணின் உள்படலம் ஒன்றில் ஏற்படும் அழற்சிதான் நீரைப் பெருக்குகிறது என்று நம்பினார். உண்மை வேறு. கண்ணுக்குள் ஐரிஸுக்குப் பின்னால் நீர் சுரந்து, பாவை வழியாக முன்னால் வந்து, ஓரத்தில் உள்ள வடிகாலில் இறங்க வேண்டும். பாவையில் வழி அடைபட்டால், பின்னால் தேங்கும் நீர் ஐரிஸை முன்னால் தள்ளும். அது போய் வடிகாலின் வாயை மூடிக்கொள்ளும். சிங்க்கின் துளையில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டது போல. ஐரிஸில் ஓட்டை போட்டால் நீருக்கு மாற்று வழி கிடைக்கும், ஐரிஸ் பின்வாங்கும், வடிகால் திறக்கும். இந்த விளக்கத்தை அமெரிக்காவின் கர்ரன் 1920-ல்தான் முன்வைத்தார். இன்று கத்திக்குப் பதில் லேசரில், குண்டூசி முனை அளவுக்கு அதே ஓட்டையைப் போடுகிறார்கள். ஆசியர்களிடம் இந்த வகை கிளாக்கோமா கூடுதல் என்பதால் நம் ஊர் கண் மருத்துவமனைகளில் இது சாதாரணமாக நடக்கும் சிகிச்சை.

தலைவலிக்கு ஏன் கண்ணைப் பார்க்கிறார்கள்?

தீராத தலைவலி என்று போனால் டாக்டர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்ப்பார். அதற்குப் பின்னாலும் கிரேஃபே இருக்கிறார். மூளைக்கட்டி உள்ளவர்களின் பார்வை நரம்பு முனை இரண்டு கண்ணிலும் நிஜமாகவே வீங்கியிருக்கும் என்று 1860-ல் விவரித்தார். முன்பு தவறாகப் பார்த்த அந்த மேடு, இங்கே உண்மையாகவே மேடு! விழித்திரையின் முக்கிய ரத்தக்குழாய் அடைபட்டுப் பார்வை சட்டென்று போவதையும், தைராய்டு நோயில் கீழே பார்க்கும்போது மேல் இமை கூடவே இறங்காமல் தங்குவதையும் விவரித்தார். இமை அறிகுறிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பக்கப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்பதை கிளினிக் வேலையாக்கியவரும் அவரே.

கண்புரைக்கு அவர் உருவாக்கிய மெல்லிய கத்தி 20-ம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தது. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து வந்ததே 1884-ல்தான் என்பதை மனதில் வைத்து இதைப் படியுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நொடியும் நோயாளிக்கு வேதனை. கையின் வேகத்துக்கும் வெட்டின் அளவுக்கும் அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

1854-ல், 26 வயதில், அவர் தொடங்கிய கண் மருத்துவ ஆய்விதழ் வேறு பெயரில் இன்றும் வருகிறது. இவ்வளவுக்கும் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1866-ல். பெர்லினின் சாரிட்டே மருத்துவமனைக் கண் பிரிவின் பொறுப்பு 1868-ல்.

அதற்குள் உடம்பு ஒடுங்கிவிட்டது. 1861-ல் நுரையீரல் உறையில் கடுமையான அழற்சி வந்தது. பிழைத்தாலும் காசநோய் விடவில்லை. அடுத்த வருடம் டென்மார்க்கைச் சேர்ந்த ஆன்னாவைத் திருமணம் செய்தார், குழந்தைகள் பிறந்தன. நோயோடு அறுவை சிகிச்சை, வகுப்பு, எழுத்து என எதையும் விடாமல் ஓடினார்.

1870 ஜூலை 19-ல் பிரஷ்யா மீது பிரான்ஸ் போர் அறிவித்தது. மறுநாள் கிரேஃபே இறந்தார். இரண்டு வருடத்தில் ஆன்னாவும் இறந்துவிட்டார்.

சாரிட்டே மருத்துவமனையின் மூலையில் 1882-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். இருபுறமும் பார்வை தேடி வருகிறவர்களும், குணமாகித் திரும்புகிறவர்களும் சிற்பங்களாக இருக்கிறார்கள். நடுவில் நிற்கும் கிரேஃபேயின் கையில் இருப்பது ஆப்தல்மாஸ்கோப்.