துடைப்பத்தை மீட்டிய சிறுவன்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சியாட்டில் என்று ஒரு நகரம். அங்கே ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன், எங்கே போனாலும் கையில் ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவான்.

பெருக்குவதற்கு அல்ல. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தந்தியை மீட்டுவதுபோல விரல்களை ஓட்டுவான். அவனுக்கு அதுதான் கிதார்!

பள்ளியில் சமூக நலப் பணி பார்த்துவந்த பெண்மணி ஒருவர் இதைக் கவனித்தார். ஓராண்டுக்கு மேல் ஆகியும் பையன் துடைப்பத்தை விடவில்லை. இவனுக்கு ஒரு கிதார் கிடைக்காவிட்டால் இவன் மனமே பாதிக்கப்படும் என்று எழுதி, ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து பணம் கேட்டார். பணம் கிடைக்கவில்லை. பையனின் தகப்பனாரும் வாங்கித் தர மறுத்துவிட்டார்.

அந்தச் சிறுவன்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். பிற்காலத்தில் கிதார் வாசிக்கும் முறையையே மாற்றி, உலகப் புகழ் பெற்றவர்.

தாய் இல்லாத வீடு

ஜிமி 1942-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி பிறந்தார். கறுப்பர் குடும்பம். தாயார் லூசிலுக்கு அப்போது வயது 17. தகப்பனார் அல் ஹெண்ட்ரிக்ஸ் பட்டாளத்தில் இருந்தார். குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் ஜானி ஆலன். பட்டாளத்திலிருந்து திரும்பிய தகப்பனார் அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார்.

வீட்டில் வறுமை. கணவனும் மனைவியும் குடிப்பார்கள். குடித்தால் சண்டை. சண்டை வந்தால் ஜிமி ஓடி ஒளிந்துகொள்வான்.

1951-ல் பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். ஜிமி தகப்பனாரிடம் வளர்ந்தான். தாயார் 1958 பிப்ரவரியில் இறந்துபோனார். அப்போது ஜிமிக்கு வயது 15. தாயாரின் சவ அடக்கத்துக்குத் தகப்பனார் பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை. அந்தத் துயரம் ஜிமியின் மனதில் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது.

ஒரே ஒரு தந்தி

தாயார் இறப்பதற்கு முந்திய ஆண்டு. ஒரு மூதாட்டியின் வீட்டில் வேண்டாத சாமான்களை அகற்றும் வேலை தகப்பனாருக்குக் கிடைத்தது. ஜிமியும் கூடப் போனான். குப்பையோடு குப்பையாக ஒரு "யுகுலேலே" கிடந்தது. கிதாரின் தங்கை போன்ற சிறிய வாத்தியம் அது. நான்கு தந்திகள் இருக்கவேண்டும். ஒன்றுதான் இருந்தது.

அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மூதாட்டி சொல்லிவிட்டார். புதையல் கிடைத்ததுபோல் இருந்தது ஜிமிக்கு! வானொலியில் கேட்ட பாட்டுகளை அந்த ஒற்றைத் தந்தியிலேயே வாசித்துப் பழகினான்.

அதே 1957-ம் ஆண்டு, செப்டம்பர் 1-ந் தேதி, அமெரிக்காவையே ஆட்டிவைத்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லி சியாட்டிலுக்கு வந்தார். சிக்ஸ் ஸ்டேடியம் என்ற விளையாட்டு மைதானத்தில் கச்சேரி. ஜிமியிடம் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. மைதானத்துக்கு வெளியே உள்ள மேட்டில் நின்று பார்த்தான். எட்டத்தில் பொட்டுப்போல் தெரிந்த அந்தப் பாடகர் அவன் மனதில் பெரிதாகப் பதிந்துவிட்டார்.

1958-ல் 5 டாலருக்கு ஒரு பழைய கிதார் வாங்கினான்.

கற்றுக்கொடுக்க ஆசிரியர் கிடையாது. புத்தகம் கிடையாது. இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பான். தெரிந்தவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பழகுவான். கடைசிவரை அவருக்கு இசைக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் வந்த வித்தை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஜிமி இடக்கைப் பழக்கம் உள்ளவன். கிதார்களோ வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. இடக்கையால் வாசிப்பது தகப்பனாருக்குப் பிடிக்காது. ஜிமி கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளையும் மாற்றிக் கட்டிக்கொண்டான். பிற்காலத்தில் உலகம் கண்டு வியந்த காட்சி இப்படித்தான் பிறந்தது.

உள்ளூர்க் குழு

சியாட்டில் பையன்கள் சிலர் சேர்ந்து "வெல்வெட்டோன்ஸ்" என்று ஒரு குழு நடத்தினார்கள். ஜிமி அதில் சேர்ந்தான். ஆனால் முரசும் மற்ற வாத்தியங்களும் முழங்கும்போது அவனுடைய சாதாரணக் கிதாரின் ஒலி யார் காதிலும் விழவில்லை. மின்சாரக் கிதார் இருந்தால்தான் பிழைக்கலாம்.

துடைப்பத்தைப் பார்த்து இரங்காத தகப்பனார் இப்போது மனம் மாறினார். 1959-ல் வெள்ளை நிற மின்சாரக் கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

வேறொரு குழுவோடு, ஒரு யூதர் கோவிலின் அடித்தளத்தில் கச்சேரி. ஜிமி துள்ளிக் குதித்து வாசித்தான். குழுவினருக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையிலேயே அவனை நீக்கிவிட்டார்கள்!

பிறகு "ராக்கிங் கிங்ஸ்" என்ற குழுவில் சேர்ந்தான். ஊரில் நடக்கும் நடன விருந்துகளுக்கு வாசிக்கும் குழு அது. ஆரம்ப நாட்களில் ஒரு கச்சேரிக்கு ஆளுக்கு 35 சென்டும், தின்பதற்கு மூன்று ஹாம்பர்கரும்தான் கிடைத்தன என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். 35 சென்ட் என்றால் அரை டாலர்கூட இல்லை.

ஒருநாள் இரவு "பேர்ட்லேண்ட்" என்ற விடுதியில் கச்சேரி முடிந்தது. கிதாரை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு ஜிமி வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால், கிதாரைக் காணோம்! திருட்டுப் போய்விட்டது.

தகப்பனார் மறுபடியும் கை கொடுத்தார். சிவப்பு நிறக் கிதார் ஒன்று வந்தது. ஜிமி அதன்மேல் தன் காதலியின் பெயரை எழுதிவைத்தான்.

சிறையா, பட்டாளமா?

1961-ல் ஜிமி பெரிய வம்பில் மாட்டிக்கொண்டான். திருட்டுக் காரில் போனதாக இரண்டு முறை பிடிபட்டான். சிறைக்குப் போகிறாயா, பட்டாளத்துக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். பட்டாளத்தில் சேர்ந்தான்.

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படைப் பிரிவு அது. ஜிமிக்கு நினைவெல்லாம் கிதார்மேல். அதை அனுப்பிவைக்கும்படி தகப்பனாருக்குக் கடிதம் எழுதினான்; வந்து சேர்ந்தது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய பில்லி காக்ஸ் என்ற சிப்பாய், உள்ளே யாரோ கிதார் வாசிப்பதைக் கேட்டு அசந்து நின்றார். அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது.

1962-ல் ஜிமி பட்டாளத்திலிருந்து வெளியே வந்தார். அடுத்த நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். லிட்டில் ரிச்சர்ட் போன்ற பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். கூலி குறைவு. பல நாள் பட்டினி.

லண்டன் அழைத்தது

1966-ல் நியூயார்க்கில் ஒரு சிறிய விடுதியில் வாசித்தபோது, சாஸ் சாண்ட்லர் என்ற ஆங்கிலேய இசைக் கலைஞர் அவரைக் கேட்டார். கையோடு லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. சில மாதங்களில் லண்டன் முழுவதும் அவர் பேச்சுத்தான்!

1967 ஜூன் மாதம் அமெரிக்காவில் மாண்டெரே இசை விழா. ஜிமி வாசித்து முடித்துவிட்டு, மேடையிலேயே கிதாருக்குத் தீ வைத்தார். ஜனங்கள் திகைத்துப் போனார்கள்.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழா. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜிமி தம் நாட்டுத் தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்தார். நடுவே குண்டு வெடிப்பதுபோலவும், விமானம் பாய்வதுபோலவும் தந்திகளை அலறவைத்தார். சொல் ஒன்றும் இல்லாமலே யுத்தத்தின் கொடுமை கேட்டவர் நெஞ்சில் தைத்தது.

அதே மைதானம்

1970 ஜூலை 26-ந் தேதி ஜிமி சியாட்டிலுக்கு வந்தார். கச்சேரி நடந்த இடம் எது தெரியுமா? அதே சிக்ஸ் ஸ்டேடியம்! அன்று காசில்லாமல் வெளியே நின்ற பையன், இன்று மேடையின் நடுவே நின்றார். மழை பெய்தது. ரசிகர்கள் நனைந்துகொண்டே கேட்டார்கள்.

சொந்த ஊரில் அதுவே கடைசிக் கச்சேரி. செப்டம்பர் 18-ந் தேதி லண்டனில் அவர் இறந்துபோனார். தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தார். மயக்கத்தில் வாந்தி எடுத்து, மூச்சுத் திணறி உயிர் போயிற்று. வயது 27தான். வறுமையை வென்ற கலைஞரை, போதையும் ஓய்வில்லாத ஓட்டமும் தின்றுவிட்டன.

உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 1-ந் தேதி, சியாட்டிலுக்கு அருகே உள்ள ரென்டன் ஊரின் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு லூசில் அடக்கம் செய்யப்பட்டதும் அதே தோட்டத்தில்தான். அன்று தாயாரை வழியனுப்ப முடியாத மகன், அதே மண்ணில் வந்து சேர்ந்தான்.